படுக்க வைத்தவள்

என் மாமனார் சுந்தரராஜ் கடைசியாகப் படுத்து ஆறு வருடம் ஆகிறது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று நம்புகிறவர். அதில் பாதி பயம், பாதி உண்மை. முப்பத்தொரு வருடம் கோலார் தங்கச் சுரங்கத்தில் டிரில்லராக இருந்து பாறையைத் துளைத்தவர். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி நுரையீரலைக் கெட்டியாக்கிவிட்டது. மல்லாந்தால் ஐந்து நிமிடத்தில் இருமல் பிடிக்கும், பத்து நிமிடத்தில் உதடு நீலமாகிவிடும். அதனால் பகலோ இரவோ, அவருக்குக் கை வைத்த மர நாற்காலிதான். தூக்கத்தில் சரிந்து விழாமல் இருக்க, நெஞ்சுக்குக் குறுக்கே துண்டைப் போட்டு நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டிவிடுவோம்.

வெளியூர்க்காரர்கள் பார்த்தால் போலீசுக்குப் போன் போடுவார்கள். ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் லைனில், சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டஸ்ட் பிடித்த ஆள் இருந்த வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு நாற்காலி இருந்திருக்கிறது. கல்யாணமாகி வந்த முதல் வாரம் என் மாமியார் எனக்குச் சொன்ன புத்திமதி சமையலைப் பற்றியது இல்லை. "இன்னா ஆனாலும் சரி ரெபேக்கா, உங்க மாமாவை மட்டும் படுக்க வெச்சிடாத" என்றார். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வார்த்தை மட்டும் வீட்டில் இருக்கிறது.

பின் லைனில் கங்கம்மா என்று ஓர் அம்மா இருக்கிறார். முப்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய மாமனார் முதுகு வலிக்கிறது என்று கெஞ்சினாராம். பாவம் பார்த்துப் பாயில் படுக்க வைத்திருக்கிறார். விடிந்து பார்த்தால் பிணம். இன்றைக்குக் கங்கம்மாவுக்கே வயது அறுபதைத் தாண்டியாயிற்று, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்னமும் அவர் பெயர் 'படுக்கவெச்ச கங்கம்மா'தான். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், இந்தப் பக்கம் நாலைந்து கங்கம்மா இருக்கிறார்கள், அடையாளத்துக்குத்தான் என்பார்கள். நாக்கில் நரம்பில்லாத ஜனங்கள்.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை அன்று வீட்டில் நானும் மாமாவும் மட்டும்தான் இருந்தோம். என் கணவர் லாய்ட், பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நடக்கும் மும்மணி ஆராதனைக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தார். மற்ற நாளில் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறவர். கிடைத்த லீவில் சர்ச்சுக்குப் போகாதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது? ஆராதனை முடிந்து சர்ச்சில் கொடுக்கும் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வருவார். அதைக் குடித்துத்தான் மாமா உபவாசத்தை முடிப்பார். அதுவரை பல்லில் தண்ணீர் படக்கூடாது. ஏப்ரல் மாத வெயில், தலைக்கு மேலே தகரக் கூரை, எழுபத்தாறு வயது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஒரு டம்ளர் மோராவது குடிங்க மாமா. ஆண்டவர் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு."

"ஆண்டவரு மூணு மணி நேரம் சிலுவையில தொங்கினாரு. நான் குந்திக்கினுதானே கீறேன்? நீ போய் உன் வேலையப் பாரும்மா."

ஆனால் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று இரண்டு நாள் முன்புதான் டாக்டர் புதிதாக எழுதிக் கொடுத்தது. மாத்திரையும் அதை விழுங்கும் ஒரு மடக்குத் தண்ணீரும் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பது அவர் சட்டம். எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருக்க வேண்டும் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னதை நானும் காதில் வாங்கினேன். ஆறு வருடமாக நாற்காலியில் இருக்கிறவர் எங்கே எழுந்து ஓடப்போகிறார் என்று விட்டுவிட்டேன். அது என் தப்புதான், மறைக்கவில்லை.

இரண்டரை மணி இருக்கும். லாய்ட் விட்டுப்போன போனில் ஆராதனை ஓடிக்கொண்டிருந்தது. ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்படி சர்ச் ஐயர் சொன்னார். மாமாவும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஜெபம் முடியட்டும் என்று நானும் பக்கத்தில் நின்றேன். அந்த ஐயருக்கு ஜெபத்தை முடிக்கும் பழக்கமே கிடையாது. மாமாவின் நெற்றியில் வேர்வை துளித்துளியாகக் கோத்தது.

"ரெபேக்கா, லைட்டை ஏம்மா அணைச்ச?" என்றார்.

வீட்டில் லைட்டே போடவில்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது, வெயில் நடுக்கூடம் வரை வந்திருந்தது. "மாமா" என்று நான் கை நீட்டுவதற்குள் அவர் முழங்கால் மடங்கிவிட்டது.

கீழே விழவிடாமல் பிடித்துவிட்டேன். பிடித்து என்ன செய்தேன்? எங்கள் லைனில் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தேன். இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். தலை சரிந்தது. துண்டை எடுத்து நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டினேன். பிறகு வாசலுக்கு ஓடிக் கத்தினேன்.

பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவும் அவர் வீட்டுக்காரர் முனிரத்தினமும் ஓடி வந்தார்கள். முனிரத்தினம் அண்ணனும் சுரங்கத்து ஆள்தான், மாமாவோடு ஒரே ஷிஃப்டில் இறங்கியவர். வந்ததும் நாற்காலிக்குப் பின்னால் போய் மாமாவின் தலையை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தார்.

"நேரா வெக்கணும். தலை தொங்கினா மூச்சு அடைக்கும். நீ விசுறு ரெபேக்கா."

விசிறினேன். பார்வதம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் மாமாவின் கன்னத்தில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. கண்ணிமைகூட அசையவில்லை. முகம் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிடிக்கத் தெரியவில்லையோ என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், அது தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. திரும்ப அவருடையதைப் பிடித்தேன். ஒன்றும் இல்லை.

அப்போது அவர் இரண்டு கையும் வெடுக்கு வெடுக்கென்று உதறியது.

"ஐயோ, காக்கா வலிப்பு!" என்று பார்வதம்மா தன் சாவிக் கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்தார். அது கீழே விழுந்தது. நான் 108-க்குப் போட்டேன்.

ஒரு பெண் கன்னடத்தில் பேசினாள். குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முகவரி கேட்டாள். வண்டி ராபர்ட்சன்பேட்டையில் இருந்து கிளம்புகிறது, இருபது நிமிடம் ஆகும் என்றாள். உசிராட்தா இதாரா, மூச்சு விடுகிறாரா என்று கேட்டாள். அவர் வாயருகே கன்னத்தை வைத்துப் பார்த்து, லேசாக இருக்கிறது என்றேன். எப்படி வைத்திருக்கிறீர்கள் என்றாள். நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டியிருக்கிறோம் என்றேன்.

"கட்டியா?" என்று கேட்டுவிட்டு, "மொதலு மலகிஸ்ரி அம்மா. காலு மேலெத்ரி" என்றாள். முதலில் படுக்க வையுங்கள், காலைத் தூக்கி வையுங்கள்.

"அவருக்கு நெஞ்சில் சிலிகோசிஸ், படுக்க வைத்தால் போய்விடுவார்" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு மறுபடியும் அதையேதான் சொன்னாள். "மலகிஸ்ரி."

"படுக்க வெக்கணுமாம்" என்றேன்.

முனிரத்தினம் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "யாரு சொன்னா? எங்கியோ ஏசி ரூம்ல குந்திக்கினு கீற பொண்ணுக்கு டஸ்ட்டைப் பத்தி இன்னா தெரியும்? நாங்க எத்தினி பேரைப் பாத்திருக்கோம்."

பார்வதம்மா என் தோளைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தினார். "வேணாம்மா ரெபேக்கா. லாய்ட் வரட்டும். அவரு பெத்த புள்ள, அவன் இன்னா வேணா செய்யட்டும். உன் கையால ஆச்சுன்னா பழி உன் தலையில விடியும்."

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். கங்கம்மா என் கண்முன் வந்து நின்றார். ரேஷன் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது தலையைக் குனிந்துகொண்டு போய் வாங்குவாரே, அந்தக் கோலத்தில். நான் நின்றேன். எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. அரை நிமிடம் இருக்கலாம், இரண்டு நிமிடம் இருக்கலாம். அந்த நேரத்தை எண்ணி என்னால் இன்னும் தூங்க முடியவில்லை.

சாவிக் கொத்தை எடுக்கக் குனிந்தபோதுதான் மாமாவின் காலைப் பார்த்தேன். இரண்டு பாதமும் கருஞ்சிவப்பாக இருந்தன. புறங்கால் நரம்பெல்லாம் விரல் கனத்துக்குப் புடைத்து நின்றது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு பொட்டு ரத்தம் இல்லை. மேலே இருக்க வேண்டியதெல்லாம் கீழே இறங்கி நிற்கிறது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அதை மேலே வரவிடாமல் அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இதைப் புரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை.

துண்டின் முடிச்சில் கை வைத்தேன். முனிரத்தினம் அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"பண்ணாத. சொன்னாக் கேளு."

"கையை எடுங்க அண்ணே."

"ரெபேக்கா!"

"எடுங்கன்னு சொல்றேன்ல!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அவர் கையை எடுத்தார். எடுத்து இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டி, "பார்வதி, நீ பாத்துக்கினே கீற. நான் எதுவும் செய்யல" என்றார். அவசரத்திலும் சாட்சிக்கு ஆள் சேர்க்கத் தெரிந்தது அவருக்கு.

யாரும் கை கொடுக்கவில்லை. நான் ஒருத்தியே அவரை அக்குளில் கை கொடுத்து இறக்கித் தரையில் படுக்க வைத்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் முதுகு தரையில் பட்டது. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைமாட்டில் பார்வதம்மா அழ ஆரம்பித்திருந்தார், செத்த வீட்டில் அழுவது போல. வாயை மூடுங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. நான் கொன்றுவிட்டேனா, கொன்றுவிட்டேனா என்ற ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

முதலில் உதட்டில் நிறம் வந்தது. வெகு லேசாக. பிறகு என் விரலடியில் ஒன்று துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. அப்புறம் விடாமல் துடித்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "நாடி வந்துடுச்சு" என்றேன். அவர்கள் இருவரும் நம்பவில்லை. மாமா கண்ணைத் திறந்தார்.

திறந்ததும் அவர் பார்த்தது கூரையை. தான் எப்படிக் கிடக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்த அந்தக் கணத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கண்கள் அப்படியே விரிந்தன. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வந்தது. இருமல் வந்தது, இருமலுக்கு நடுவே மூச்சு கிடைக்காமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். என் கையைப் பிடித்தார். நகம் சதையில் இறங்கியது.

"கொல்லாதம்மா" என்றார்.

"இல்ல மாமா..."

"கொல்லாத ரெபேக்கா. நான் லாய்டுகிட்ட சொல்ல மாட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். என்னைத் தூக்கி வெச்சுடு."

தூக்கினேன். நிமிர்த்திய உடனே கண் மேலே சொருகியது. கீழே சாய்த்தேன், கண் திரும்பியது, மூச்சு அடைத்தது. நிமிர்த்தினால் ரத்தம் தலைக்கு ஏறவில்லை. படுத்தால் காற்று நெஞ்சுக்குள் இறங்கவில்லை. இரண்டில் எந்தப் பக்கம் போனாலும் சாவு. ஒரு மனிதருக்கு இப்படி ஒரு கண்ணி வைத்தவன் யாராக இருந்தாலும் அவனை நான் மன்னிக்க மாட்டேன்.

கடைசியில் அவருக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, என் மடிமேல் பாதிச் சாய்வில் அவரைப் போட்டுக்கொண்டேன். கால் நாற்காலிமேலேயே இருந்தது. கண் சொருகினால் நான் கொஞ்சம் பின்னால் சரிவேன். விசில் சத்தம் கூடினால் கொஞ்சம் நிமிர்வேன். என் முதுகுதான் தராசு முள். அந்தப் பெண் போனிலேயே இருந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை நாங்கள் அப்படியே இருந்தோம். அவ்வளவு நேரமும் மாமா என் கையை விடவில்லை. நன்றிக்காக இல்லை, நான் வேறு எதையும் செய்துவிடக்கூடாது என்பதற்காக.

ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். லாய்ட் கஞ்சித் தூக்கோடு ஓடி வந்தார். பங்காருபேட்டையில் இருக்கும் நாத்தனார் ஐடாவும் வந்துவிட்டாள். டாக்டர் பவ்யா சின்ன வயசு, கோலார்ப் பக்கத்துப் பெண். எங்களை நிற்க வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"நாம நிக்கும்போது, உக்காரும்போது ரத்தம் கால் பக்கம் இறங்கிடும். அது மேல திரும்பி வந்தாதான் இதயம் தலைக்கு அனுப்ப முடியும். அதுக்கு மூச்சும் ஒரு உதவி. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரியுதில்ல, காத்தை மட்டும் இல்ல, கீழ இருக்கிற ரத்தத்தையும் அது மேல இழுக்குது. இவருக்கு நெஞ்சு விரியறதே கஷ்டம். உடம்புல தண்ணியும் இல்ல. புது மாத்திரை வேற ரத்தக் குழாயைத் தளர்த்திடுச்சு. அப்படியே கட்டி வெச்சிருந்தா இன்னும் அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கியிருக்காது." பிறகு என்னைக் காட்டி, "இவங்கதான் காப்பாத்தினாங்க" என்றாள்.

லாய்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐடா, "எதுக்கும் அண்ணன் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம் அண்ணி" என்றாள். டாக்டர் கன்னடத்தில் பேசியிருந்தாலாவது ஐடாவுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். தமிழில்தான் சொன்னாள்.

நாலாம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். அந்தப் புது மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் நான் தட்டை வைத்தால் தொட மாட்டார், லாய்ட் வந்து ஊட்ட வேண்டும். நான் கூடத்தில் இருந்தால் கண்ணை மூட மாட்டார். தூக்கம் சொக்கும், தலை தொங்கும், திடுக்கென்று நிமிர்ந்து நான் எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பார். லைனில் கதை போய்விட்டது. முனிரத்தினம் அண்ணன் சொன்ன பாதி மட்டும்தான் போனது, டாக்டர் சொன்ன பாதி ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும்.

அந்த வாரக் கடைசியில் லாய்ட் என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஐடா ஒரு மாசம் இங்க வந்து இருக்கட்டும். நான் இல்லாத நேரத்துல..."

"நான் இல்லாத நேரத்துலன்னா? டாக்டர் சொன்னதை நீங்க கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டேன் ரெபேக்கா. எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அப்பா பயப்படுறாரே."

ஐடா வந்தாள். வந்து பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் அவள் குளிக்கப் போயிருந்தாள். லாய்ட் பெங்களூரில். நான் சமையலறை வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தேன். மாமா நாற்காலியில் இருந்தார். தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. முகம் வெளுத்த மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சமா, நிஜமாகவே அப்படியா, தெரியவில்லை. பாதத்தைப் பார்த்தேன். சிவப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

நாலே எட்டு. போய் மணிக்கட்டைப் பிடித்தால் தெரிந்துவிடும். என் கால் நகரவில்லை.

அப்போது எனக்குள் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். இவர் இப்படியே போனால் நாற்காலியில் நிமிர்ந்தபடி போவார். யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். மருமகள் கடைசி வரை உட்கார வைத்தே பார்த்துக்கொண்டாள் என்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் பார்வதம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுவார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, எது சரி என்று முழுக்கத் தெரிந்த நான், கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, ஏழு சொம்பு வரை எண்ணினேன்.

மாமா இருமினார். தூங்கித்தான் போயிருக்கிறார். தலையை நிமிர்த்திக் கண்ணைத் திறந்து வழக்கம்போல என்னைத் தேடினார். நான் தூரத்தில், சமையலறை வாசலில், அசையாமல் நிற்பதைக் கண்டார். அவர் தூங்கியதையும் நான் கிட்டே வராததையும் சேர்த்து யோசித்தார் போல. அந்த முகத்தில் இருந்த பயம் மெல்ல மெல்ல இறங்கியது.

"ரெபேக்கா, கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

பெரிய வெள்ளிக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் வாய் தண்ணீர். கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையிலிருந்தே வாங்கி, முழு டம்ளரையும் குடித்தார்.